விளையாட்டு மருத்துவத்துக்குப் போக ஆசையா? மைதானத்தின் ஓரத்தில் தொடங்குங்கள்

குறுவட்டப் போட்டி நடக்கும் எந்தப் பள்ளிக்குப் போனாலும் இந்தக் காட்சி கிடைக்கும். கபடிக் களத்தில் ஒரு பையன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சுற்றிப் பத்துப் பேர். ஒருவர் காலை இழுப்பார், ஒருவர் ஸ்ப்ரே அடிப்பார், இன்னொருவர் "எந்திரிச்சு நாலு குதி குதிடா, சரியாயிடும்" என்பார். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம், "எப்படி விழுந்தான்? கால் எந்தப் பக்கம் மடங்குச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தால், இந்தக் கட்டுரை அவருக்காக.

நான் இயன்முறை மருத்துவம் படித்தவன். வீரர்களின் முட்டியையும் கரண்டை என்கிற கணுக்காலையும் பார்த்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. ஒவ்வொரு மே மாதமும் யாராவது ஒரு மாணவர் வந்து, "பிளஸ் டூ முடிச்சிட்டேன் அண்ணா, ஸ்போர்ட்ஸ் மெடிசின் போகணும், எங்க சேரட்டும்?" என்று கேட்கிறார். அப்போது சொல்ல முடிவது கல்லூரிப் பெயர்கள் மட்டும்தான். இரண்டு மூன்று வருடம் முன்னால் வந்திருந்தால் சொல்ல நிறைய இருந்தது. இந்தத் தொழிலுக்கான நல்ல பயிற்சிக்கூடம் பள்ளியில்தான் இருக்கிறது. தினமும் சாயங்காலம் நூறு பிள்ளைகள் ஓடிக் குதித்து விழுந்து எழும் மைதானம் அது. கல்லூரியில் சேர்ந்ததும் அது கைவிட்டுப் போய்விடும். முதல் இரண்டு வருடம் உடற்கூறு, உடலியங்கியல் என்று புத்தகத்தோடுதான் குடும்பம் நடத்த வேண்டியிருக்கும்.

முதலில்: உள்ளே யார் யார் இருக்கிறார்கள்?

விளையாட்டு மருத்துவம் என்று ஒற்றைச் சொல்லில் சொன்னாலும், அது ஒரு கூட்டுக் குடும்பம். எம்.பி.பி.எஸ். முடித்து விளையாட்டு மருத்துவத்தில் எம்.டி. படித்த மருத்துவர் ஒருவர் இருப்பார். எலும்பியல் படித்து, கிழிந்த முட்டி ஜவ்வைத் துளை வழியாகச் சரிசெய்யும் அறுவை மருத்துவர் இன்னொருவர். அறுவைக்குப் பிறகு அந்த வீரரை மாதக்கணக்கில் தேற்றி மறுபடி களத்தில் இறக்குபவர் பிசியோ, அதாவது இயன்முறை மருத்துவர். வலுவும் வேகமும் ஏற்றுபவர் டிரெயினர். சென்னைக்காரர்களான ராம்ஜி ஸ்ரீனிவாசனும் பாசு சங்கரும் இந்திய கிரிக்கெட் அணிக்கு வெவ்வேறு காலங்களில் அந்த வேலையைப் பார்த்தவர்கள். இவர்களைத் தவிர ஊட்டச்சத்து நிபுணர், உளவியலாளர், அசைவை அளந்து பார்க்கும் பயோமெக்கானிக்ஸ் ஆட்கள் உண்டு. 2024இல் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனபோது அவரோடு மனப்பயிற்சிக்கு பேடி அப்டன் இருந்தார். உட்கார்ந்து ஆடும் ஆட்டத்துக்கும் இந்தக் குடும்பத்தில் ஆள் தேவைப்படுகிறது.

பலருக்குத் தெரியாத ஒரு அறையும் இந்த வீட்டில் இருக்கிறது. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் டி42 பிரிவில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அந்த ‘டி42’ என்ற வகைப்பாட்டை யார் முடிவு செய்கிறார்கள்? வீரரின் தசை வலு, மூட்டு அசைவு, ஆடும் விதம் எல்லாவற்றையும் சோதித்து இன்ன பிரிவு என்று சொல்பவர்களில் மருத்துவர்களும் பிசியோக்களும் இருக்கிறார்கள். பாரா விளையாட்டில் அது தனி வேலை.

இவற்றில் எது உங்களுக்கு என்று இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டது என்று நினைக்காமல் இருந்தால் போதும்.

பத்தாம் வகுப்பு முடித்ததும்: குரூப்

இயற்பியல், வேதியியல், உயிரியல் இருக்க வேண்டும். நான்காவது பாடமாகக் கணிதம் எடுக்கலாமா? கணக்கு வரும் என்றால் எடுங்கள். ஓட்டத்தின் வேகத்தையும் மூட்டில் விழும் விசையையும் கணக்கிடும் பயோமெக்கானிக்ஸ் பக்கம் போனால் அது கைகொடுக்கும். கணக்கென்றால் காய்ச்சல் வருபவர்கள் தாவரவியல், விலங்கியல் இருக்கும் பியூர் சயின்ஸ் குரூப் எடுப்பதில் தவறில்லை.

அரசுப் பள்ளி மாணவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியதும், "தனியார் பள்ளியில் ஃப்ரீ சீட் தருகிறோம்" என்று ஆள் அனுப்புவார்கள். வீட்டிலும் ஆசைப்படுவார்கள். அங்கே மாறிவிட்டால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. மாறுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

பாடத்தை எப்படிப் படிப்பது

பிளஸ் ஒன் விலங்கியல் புத்தகத்தில் ‘இடப்பெயர்ச்சி மற்றும் இயக்கம்’ என்று ஒரு பாடம் வரும். தசை எப்படிச் சுருங்குகிறது, ஆக்டினும் மயோசினும் எப்படி ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன, எந்த மூட்டு எப்படி அசைகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் தொழிலின் அரிச்சுவடி அதுதான். சுவாசம், சுற்றோட்டம், நரம்பு, ஹார்மோன் பாடங்களும் அப்படித்தான். இவற்றை மற்றவர்களைப் போல மார்க்குக்காக மட்டும் படிக்காதீர்கள். தொடையின் பின்தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படித்தால், உடனே உங்கள் தொடையில் கை வைத்து, முட்டியை மடக்கி, அந்த நரம்புபோல் தடித்து நிற்பதைத் தடவிப் பாருங்கள். நாம் பேச்சில் அதை நரம்பு என்றுதான் சொல்கிறோம், உண்மையில் அது தசைநாண். இப்படிக் கை வைத்துப் படித்தது மறக்காது.

இயற்பியலிலும் நமக்குத் தீனி இருக்கிறது. திருப்பு விசை பாடத்தில் கதவையும் ஸ்பேனரையும் உதாரணம் சொல்வார்கள். நீங்கள் முழங்கையைப் போட்டுப் பாருங்கள். கையில் தூக்கும் எடை மூட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கிறது. அதைத் தூக்கும் தசையோ மூட்டுக்கு ஓரிரு அங்குலத்துக்குள் ஒட்டியிருக்கிறது. அப்படியானால் இரண்டு கிலோ டம்பெல்லைத் தூக்க அந்தத் தசை எத்தனை மடங்கு இழுக்க வேண்டும்? கணக்கைப் போட்டால் தூக்கிவாரிப் போடும்.

அப்புறம் ஆங்கிலம். தமிழ் வழியில் படித்தவர்களுக்குக் கல்லூரியில் முதல் அதிர்ச்சி பாடத்தால் வருவதில்லை, பெயர்களால் வருகிறது. பிளஸ் ஒன்னிலிருந்து நாளைக்கு ஐந்து எலும்பு அல்லது தசைப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வாருங்கள். நான் செய்யவில்லை. முதல் வருடம் முழுக்க வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து முழித்தேன்.

மைதான நோட்டு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பி.டி. சாரிடமோ மேடத்திடமோ போய், "பயிற்சி நேரத்தில் ஓரமாக நின்று, யாருக்கு எங்கே அடிபடுகிறது என்று எழுதி வைக்கலாமா?" என்று அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். கூடவே தண்ணீர் கேன் தூக்கும் வேலையும் வந்து சேரும். தூக்குங்கள், பரவாயில்லை. பெரிய அணிகளிலும் இளைய பிசியோவின் முதல் வேலை ஐஸ் பெட்டி தூக்குவதுதான்.

ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி போதும். தேதி, என்ன ஆட்டம், தொடங்கி எத்தனை நிமிடத்தில், உடம்பில் எந்த இடம், மோதி விழுந்ததா அல்லது தானாக மடங்கியதா, தரை எப்படி இருந்தது, காலில் ஷூ இருந்ததா, எத்தனை நாள் கழித்து மறுபடி ஆட வந்தார். பெயர் எழுதாதீர்கள். ‘பதினோராம் வகுப்பு, ரெய்டர்’ என்பது போதும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் பிளஸ் ஒன்னில் வைத்திருந்த நோட்டில் கரண்டை மடங்கிய வரிகள்தான் அதிகம். முதலில் ஒன்றும் புரியவில்லை. இரண்டு மாதம் கழித்து வரிசையாகப் படித்தபோதுதான் தெரிந்தது, பாதிக்கு மேல் வாலிபால் கோர்ட்டின் ஒரே மூலையில் நடந்திருக்கின்றன. பழைய கம்பத்தைப் பிடுங்கிய குழியில் மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். மழைக்குப் பிறகு அது அமுங்கிக் கிண்ணம்போல் ஆகியிருந்தது. சாரிடம் காட்டினேன். இரண்டு தட்டு மண்ணும் ஒரு இடிகட்டையும்தான் வைத்தியம். அதற்குப் பிறகு அந்த மூலையில் யார் காலும் மடங்கவில்லை. நான் இதுவரை செய்த சிகிச்சைகளிலேயே செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இதைப் பள்ளிப் பிள்ளையின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலிருந்து செய்துவரும் காயக் கண்காணிப்பும் அடிப்படையில் இதே நோட்டுதான். நோட்டுப் போடுகிறவர்கள் மட்டும் அதிகம்.

எழுத எழுதக் கண் பழகும். குதித்து இறங்கும்போது சிலருக்கு இரண்டு முட்டியும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றை ஒன்று தேடும். இறங்கும்போது முட்டி அப்படி உள்ளே சரிவதை முட்டியின் முன் ஜவ்வான ஏ.சி.எல். கிழிவதோடு தொடர்புபடுத்துகிறார்கள். அந்த ஆபத்து ஒரே ஆட்டம் ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். செல்போனின் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். ஆனால் ஆடுபவரின் சம்மதமும் ஆசிரியரின் அனுமதியும் இல்லாமல் கேமராவைத் தூக்காதீர்கள். பார்த்து முடித்ததும் அழித்துவிடுங்கள். வாட்ஸ்ஆப் குரூப்பில் போடும் எண்ணம் இருந்தால் இந்தத் தொழிலே வேண்டாம்.

முதலுதவி: என்ன செய்யக் கூடாது என்பதிலிருந்து

பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸ் இருந்தால் சேருங்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் நடத்தும் முதலுதவி வகுப்பு பக்கத்து ஊரில் நடந்தால் போய்வாருங்கள். சான்றிதழைவிட, அங்கே பொம்மையின் மார்பில் கை வைத்து அழுத்தும் சி.பி.ஆர். பழகுவது முக்கியம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம். இதைப் படிப்பது சுலபம், இரண்டு நிமிடம் விடாமல் செய்து பாருங்கள், தோள் கழன்றுவிடும். 2021 யூரோ கோப்பையில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் களத்திலேயே இதயம் நின்று விழுந்தார். அந்த நிமிடமே சி.பி.ஆர். தொடங்கியதாலும் மின்அதிர்ச்சிக் கருவி கையெட்டும் தூரத்தில் இருந்ததாலும் பிழைத்தார். அடுத்த ஆண்டே மறுபடி கால்பந்து ஆடினார். உங்கள் ஊரில் அந்தக் கருவி எந்த மருத்துவமனையில், எந்த ரயில் நிலையத்தில் இருக்கிறது என்று விசாரித்து வைப்பது ஒரு நல்ல விடுமுறை வேலை.

இனி சுளுக்கு. என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு வாலிபாலில் கரண்டை மடங்கியது. வீட்டில் சுளுக்கு எடுக்கும் பாட்டியிடம் அழைத்துப் போனார்கள். எண்ணெய் போட்டு மூன்று நாள் உருவினார்கள். நான்காம் நாள் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பில் விரிசல். பாட்டி மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரிந்த வேலையை அவர் செய்தார். உருவுவதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி எங்களில் யாருக்கும் தெரியாமல் போனதுதான் வருத்தம்.

அந்தக் கேள்வி: நாலு அடி நடக்க முடிகிறதா? நொண்டினாலும் பரவாயில்லை, ஒவ்வொரு காலிலும் இரண்டு முறை எடையைப் போட்டு நடக்க வேண்டும். முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. நடக்க முடிந்தாலும், கரண்டையின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ விரலால் அழுத்தும்போது துள்ளினால் எக்ஸ்ரே. பாதத்தின் வெளிப்பக்கம், சுண்டுவிரலுக்கு நேர் பின்னால் நடுப்பாதத்தில் ஒரு முண்டு இருக்கும், அங்கே வலித்தாலும் அப்படித்தான். உள்பாதத்தின் மேட்டு எலும்புக்கும் இதே விதி. கனடாவில் ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதிகள் இவை, இன்றும் உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் பயன்படுகின்றன. ஆனால் இவற்றை வைத்து "உனக்கு ஒண்ணுமில்லை" என்று தீர்ப்புச் சொல்வது மாணவரின் வேலை இல்லை. "இதை எக்ஸ்ரே எடுக்காம உருவ வேண்டாம்" என்று பெரியவர்களிடம் சொல்லும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

ஐஸ் வைப்பதா வேண்டாமா என்று உங்கள் மைதானத்திலும் சண்டை நடந்திருக்கும். ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற ‘ரைஸ்’ சூத்திரத்தை 1978இல் சொன்னவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பல ஆண்டு கழித்து, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே எழுதினார். வலியைத் தணிக்கத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைப்பதில் பெரும்பாலோருக்கு ஆட்சேபணை இல்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம், நீங்கள் இன்று படிப்பதில் சில நீங்கள் படித்து முடிப்பதற்குள் மாறிவிடும்.

தலையில் அடி என்றால் பேச்சே கிடையாது. மயங்கினாலும் மயங்காவிட்டாலும் சந்தேகம் இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் ஸ்டீவ் ஸ்மித் கழுத்தில் பந்து வாங்கினார். பரிசோதனையில் தேறி அன்றே திரும்பி வந்து பேட் செய்தார். மறுநாள்தான் அறிகுறிகள் தெரிந்தன. அவருக்குப் பதிலாக இறங்கிய மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றின் முதல் மூளையதிர்ச்சி மாற்று வீரர். உலகத் தரம் வாய்ந்த மருத்துவக் குழு பக்கத்தில் இருந்தும் அறிகுறி ஒரு நாள் ஒளிந்திருந்தது. அதனால் அந்தப் பிள்ளையைத் தனியாக சைக்கிளில் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வீட்டுக்கும் தகவல் சொல்ல வேண்டும்.

நம் ஊர் வெயில் தனி ஆபத்து. கோடைப் பயிற்சி முகாமில் ஒருவர் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசினால் அது வெறும் களைப்பாக இருக்காது. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். 108க்கு அழைத்துவிட்டு அது வரும்வரை காத்திருக்காமல் நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்க ஐஸ் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் குளிர்விக்க வேண்டும், கொண்டுபோவது பிறகு. அரை மயக்கத்தில் இருப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

யாருக்கும் எந்த மாத்திரையும் கொடுக்காதீர்கள். அதற்கான காரணம் கீழே வருகிறது.

இருபது நிமிடத் திட்டம்

பிளஸ் ஒன்னில் கொஞ்சம் துணிச்சல் வந்ததும், ஃபிஃபா 11 பிளஸ் என்ற வார்ம்அப் முறையைத் தேடிப் படியுங்கள். இலவசம். பதினைந்து பயிற்சிகள், மூன்று பகுதி, இருபது நிமிடம். பந்தும் சில அடையாளக் கூம்புகளும் போதும். நார்வேயில் பதின்வயதுப் பெண் கால்பந்து அணிகளில் இதைச் செய்து பார்த்தபோது கடுமையான காயங்கள் குறைந்ததாக 2008இல் வெளியான ஆய்வு சொன்னது. உங்கள் பள்ளிக் கால்பந்து அணியோடு ஒரு பருவம் செய்துபாருங்கள், நோட்டில் வரிகள் குறைகிறதா என்று கவனியுங்கள். குறையாமலும் போகலாம். பதினைந்து பேர் கொண்ட ஒரு அணியை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது என்று புரிந்துகொள்வதும் படிப்புதான்.

கோடை விடுமுறையில் ஒரு கிளினிக்

பக்கத்து ஊர் பிசியோ கிளினிக்கிலோ அரசு மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவிலோ இரண்டு வாரம் ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். பெற்றோருடன் போய்க் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். நகம் வெட்டி, சுத்தமான சட்டை போட்டு, போனைப் பையில் வைத்துவிட்டுப் போங்கள். நோயாளியைத் தொடாதீர்கள். கேள்விகளை அவர் போன பிறகு கேளுங்கள்.

அங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. கிரிக்கெட் வீரர் யாரும் வர மாட்டார். முட்டி தேய்ந்த அம்மாக்களும், பக்கவாதம் வந்த தாத்தாக்களும், கழுத்து பிடித்த ஐ.டி. பையன்களும்தான் வருவார்கள். ஒரு பாட்டி பாத்ரூம் வரை தானாக நடந்து போவதைப் பார்த்து உங்களுக்கு உற்சாகம் வந்தால் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். சலிப்பு வந்தால் டிரெயினர் அல்லது விளையாட்டு அறிவியல் பக்கம் யோசியுங்கள். அதிலும் ஒன்றும் குறையில்லை.

பிளஸ் டூ: எந்த வாசல்?

மருத்துவர் ஆவதென்றால் நீட். 180 கேள்வி, 720 மதிப்பெண், மூன்று மணி நேரம், அதில் பாதி உயிரியல். தமிழிலும் எழுதலாம். கேள்விகளில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வருவதால் அந்த வருடத்தை உறங்கிக் கழிக்க முடியாது. எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு ஐந்தரை வருடம், பிறகு எம்.டி. மூன்று வருடம். இடையில் முதுநிலை நீட் என்ற இன்னொரு மலை. விளையாட்டு மருத்துவத்துக்கென்று தனி எம்.டி. இருக்கும் கல்லூரிகள் நாட்டில் மிகக் குறைவு. அதனால் பலர் எலும்பியல் படித்து அங்கிருந்து விளையாட்டுக் காயங்களுக்குத் திரும்புகிறார்கள். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் 2010 காமன்வெல்த் போட்டியை ஒட்டித் தொடங்கிய விளையாட்டுக் காய மையம் இந்தத் துறையில் பெரிய அரசு மையம்.

பிசியோ ஆவதென்றால் பி.பி.டி. என்ற இயன்முறை மருத்துவ இளநிலைப் பட்டம், பயிற்சியோடு நாலரை முதல் ஐந்து வருடம். பிறகு விளையாட்டுப் பிரிவில் முதுநிலைப் பட்டமான எம்.பி.டி. இரண்டு வருடம். தமிழ்நாட்டில் நெடுங்காலமாக பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு இடம் ஒதுக்கிவந்தது. சென்னை கே.கே. நகர், திருச்சி ஆகிய இடங்களில் அரசுக் கல்லூரி உண்டு. துணை மருத்துவப் படிப்புகளுக்கென 2021இல் வந்த சட்டத்தின் கீழ் தேசிய ஆணையம் அமைந்த பிறகு, பாடத்திட்டமும் சேர்க்கை விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. எனவே அண்ணன் சொன்னான், அக்கா சொன்னாள் என்று இருக்காமல், சேரும் வருடத்து விளக்கக் கையேட்டைப் படியுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று நீட் விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள்.

மூன்றாவது வாசல் விளையாட்டு அறிவியல். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலும், போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலும் இதற்கான படிப்புகள் இருக்கின்றன. பந்து எறிவதாகச் சந்தேகிக்கப்படும் பந்துவீச்சாளர்களைச் சோதிக்க சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐ.சி.சி. அங்கீகரித்த ஆய்வகங்களில் ஒன்று போரூரில்தான் இருக்கிறது. முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்கிறதா என்று கேமராக்கள் வைத்து அளக்கும் இடம். திருப்பு விசை பாடம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

மூன்று மாதத்தில், ஆன்லைனில், ‘ஸ்போர்ட்ஸ் மெடிசின் ஸ்பெஷலிஸ்ட்’ பட்டம் தருவதாக விளம்பரம் வந்தால் தாண்டிப் போங்கள். அடிப்படைப் பட்டம் இல்லாமல் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு முட்டியையும் தொட முடியாது.

ரகசியம், ஊக்கமருந்து

நோட்டில் பெயர் எழுத வேண்டாம் என்றேன் அல்லவா? புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பிறகு பாலினப் பரிசோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய மருத்துவத் தகவல் நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியானது. அவர் பட்ட பாடு ஊரறிந்தது. அந்தத் தகவல் நாலு சுவருக்குள் இருந்திருக்க வேண்டியது. ஒரு வீராங்கனைக்கு மாதவிடாய் நின்றுவிட்டதென்றோ ஒரு பையனுக்கு வலிப்பு வருமென்றோ உங்களுக்குத் தெரியவந்தால், அது உங்களோடும் பொறுப்பான ஆசிரியரோடும் நிற்க வேண்டும். நெருங்கிய நண்பனிடம்கூடச் சொல்லக் கூடாது.

மாத்திரை விஷயமும் இங்கேதான் வருகிறது. தடைசெய்யப்பட்ட மருந்துப் பட்டியலை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் புதுப்பிக்கிறது. சாதாரணச் சளி மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் சூடோஎஃபெட்ரின்கூட அளவு கூடினால் போட்டி நேரத்தில் தடைக்கு உட்பட்டது. ஜிம்மில் டப்பாவில் விற்கும் பவுடரில் லேபிளில் இல்லாத பொருள் கலந்திருக்கலாம். நடுவில் நின்று எடுத்துக் கொடுத்தவரையும் விதிகள் விடுவதில்லை.

வீட்டில் பேசுவது

"இதுல சம்பளம் வருமா?" என்று அப்பா கேட்பார். நேர்மையாகச் சொல்வதென்றால், தொடக்கத்தில் குறைவு. ஐ.பி.எல். அணியின் நாற்காலி ஒன்றுக்கு ஆயிரம் பேர் நிற்கிறார்கள். பெரும்பாலோர் கிளினிக், மருத்துவமனை, அகாடமி, பள்ளி என்றுதான் வாழ்க்கையை ஓட்டுகிறோம். கிளினிக் வைத்து ஊரில் பெயர் வாங்கிவிட்டால் குடும்பம் நடத்தலாம். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் உங்களுடையதாக இருக்காது. போட்டிகள் அப்போதுதான் நடக்கின்றன.

"பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்ற கேள்விக்கு என்னிடம் சூடான பதில் இருக்கிறது, ஆனால் வேலை நிலவரமே போதுமானது. 2023 முதல் மகளிர் பிரீமியர் லீக் நடக்கிறது, கபடியிலும் கால்பந்திலும் பெண்கள் அணிகள் பெருகியிருக்கின்றன. அந்த அணிகளோடு பயணம் போகப் பெண் பிசியோ கிடைக்காமல் தேடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நாளைக்கு எடுத்துப் போக வேண்டிய பை

மைதானத்துக்குப் போகும்போது ஒரு துணிப்பை போதும். இரண்டு கிரேப் பேண்டேஜ். காஸ் துணி, பிளாஸ்டர். காயத்தைக் கழுவச் சுத்தமான தண்ணீர் ஒரு பாட்டில், சோப்பு. பிறர் ரத்தத்தைத் தொடும்போது போட்டுக்கொள்ள நான்கு ஜோடி கையுறை. மழுங்கிய நுனியுள்ள கத்திரிக்கோல், அது ஷூ லேஸை வெட்ட. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஐந்து. முக்கோணத் துணி ஒன்று, இல்லாவிட்டால் அம்மாவின் பழைய தாவணியைக் கிழித்துக்கொள்ளுங்கள். விசில். பி.டி. சார், தலைமையாசிரியர், பக்கத்து மருத்துவமனை ஆகிய மூன்று எண்களை அட்டையில் எழுதிப் பைக்குள் ஒட்டி வையுங்கள், போன் சார்ஜ் தீரும்போது அது உதவும். நாற்பது பக்க நோட்டு. பேனா மட்டும் ஜெல் பேனா வேண்டாம், வியர்வை பட்டால் எழுத்து ஓடிவிடும். பால்பாயிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.